மத்து இருந்தால் டச்சுச் சமையல் வரும்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 11 ஆண்டுகள் குடித்தனம் நடத்திவிட்டு வேலூருக்குத் திரும்பியவள் நான். என் கணவருக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை. நான் சமையல் கற்றது எங்கள் கீழ்வீட்டில் இருந்த மூதாட்டியிடம். டச்சு மொழியில் பாட்டியை ‘ஓமா’ என்பார்கள். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ஓமாதான். அந்த நாட்டு வீட்டுச் சமையலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. இடம் இருக்கும் வரைக்கும் பதில் சொல்கிறேன்.

அம்மா, என் மகள் கல்யாணமாகி ஐந்தோவன் நகரத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. “இங்கே ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான், இவர்களுக்குச் சமையல் என்றே ஒன்று கிடையாது” என்கிறாள். உண்மைதானா? அவள் சாப்பாட்டை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. — ஒரு தாய், குடியாத்தம்

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் மகள் இதுவரை பார்த்திருப்பது கடைத்தெருவையும் அலுவலகத்து மதிய உணவையும்தான். மதியத்தில் அவர்கள் ரொட்டிதான் உண்பார்கள், அதையும் சூடுபடுத்தாமல். பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிவது மாலை ஒருவேளைதான். ஆறு மணிக்கு மேசையில் தட்டு வந்துவிடும். அந்த ஆறு மணிச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டில் உட்காராதவர்கள், அந்த நாட்டில் சமையல் இல்லை என்றுதான் சொல்வார்கள். முதல் ஆண்டு முழுக்க நானும் அப்படித்தான் சொன்னேன். என் அம்மாவுக்குக் கடிதமும் எழுதினேன்.

அந்த மேசைக்கு உயிர் கொடுப்பது ‘ஸ்டாம்ப்பொட்’. உருளைக்கிழங்கோடு ஏதாவது ஒரு காயையோ கீரையையோ ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரை வடித்து, வெண்ணெயும் சுடவைத்த பாலும் சேர்த்து மசிப்பார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைப் பருப்போடு வேகவைத்து மத்தால் கடைகிறோமே, அந்தக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட உறவு இது. ஓமாவிடம் மரத்தில் கடைந்த மசிக்கும் கட்டை ஒன்று இருந்தது. அவருடைய தாயாரின் சொத்து. அடிப்பக்கம் தேய்ந்து ஒருபுறமாகச் சாய்ந்திருக்கும். வலது கையால் ஒரு குத்து. உடனே இடது கை பாத்திரத்தின் காதைப் பிடித்துக் கால்வட்டம் திருப்பும். மறுபடி ஒரு குத்து. பேசிக்கொண்டே இருப்பார், கை மட்டும் கணக்குத் தவறாது. சாய்நாதபுரத்தில் என் பாட்டி கீரை கடையும்போது சட்டியைக் காலிடுக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிக் கடைவார். முதல்முறை ஓமாவைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

குளிர்காலத்தில் அவர் செய்தது ‘பூரன்கோல்’ என்ற சுருட்டை இலைக் கீரையில். உறைபனி ஒருமுறையாவது பட்ட பிறகு பறித்தால்தான் அதில் இனிப்பு கூடும் என்பார்கள். மசித்ததைத் தட்டில் குவித்து, உச்சியில் கரண்டியால் ஒரு குழி பறித்து, இறைச்சி வறுத்த சாற்றை அதில் ஊற்றி, பக்கத்தில் புகையூட்டிய தொத்திறைச்சியை வைத்துக் கொடுப்பார்கள். களி உருண்டையில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த வட ஆற்காட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கரையை உடைத்துவிடாமல் ஓரத்திலிருந்து தோண்டித் தோண்டிச் சாப்பிட வேண்டும். நாம் களியில் செய்வது அதுதானே!

ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் குளிர்காலத்தில் ஓமாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து, அவருடைய அதே பூரன்கோலை நானே சமைத்தேன். பச்சை மிளகாய் நான்கு, இஞ்சி, கொஞ்சம் கரம் மசாலா, கடைசியில் கடுகு தாளிப்பு. எனக்கு ருசியாகவே இருந்தது. அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: “நன்றாக இருக்கிறது. உருளைக்கிழங்கு எங்கே?” ஒரு கிலோ உருளைக்கிழங்கு அதில் இருந்தது. அதன் ருசியை நான்தான் மூடிவிட்டிருந்தேன். அந்த வாரமே அவர் வீட்டில் உட்கார்ந்து, உப்பும் வெண்ணெயும் துருவிய ஜாதிக்காயும் மட்டும் சேர்த்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். மண் வாசனையும் லேசான இனிப்பும் நாக்கில் ஏறின. உருளைக்கிழங்குக்குத் தனியாக ஒரு ருசி உண்டு என்று எனக்கு 34 வயதில்தான் தெரிந்தது.

உங்கள் மகளுக்கு எழுதுங்கள்: பக்கத்து வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், ஒரு டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டுவது அங்கே வழக்கமில்லை.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கிடைக்கும் காய்களை வைத்தே செய்யக்கூடிய ஒரு டச்சு உணவைச் சொல்லுங்கள். பூரன்கோலுக்கு நான் எங்கே போவது? — இல்லத்தரசி, ராணிப்பேட்டை

எங்கேயும் போக வேண்டாம். ‘ஹுட்ஸ்பொட்’ செய்யுங்கள். உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு 1 கிலோ, கேரட் 750 கிராம், பெரிய வெங்காயம் 400 கிராம். உருளைக்கிழங்கு பழையதாக இருக்கட்டும். புதுக்கிழங்கில் ஈரம் அதிகம், மசித்தால் பசையாக இழுக்கும். கேரட்டில் ஆரஞ்சு நிற ஊட்டி கேரட்டையே வாங்குங்கள். தோல் சீவி, கேரட்டைச் சிறியதாகவும் கிழங்கைப் பெரியதாகவும் நறுக்குங்கள். கேரட் அடியில், கிழங்கு அதன்மேல், வெங்காயம் எல்லாவற்றுக்கும் மேலே. பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, மூடி, மிதமான தீயில் அரை மணி நேரம் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம், கிழங்கு தண்ணீரைக் குடித்துக் கொழகொழத்துப் போகும். வெந்த தண்ணீரை வடித்து ஒரு தம்ளர் எடுத்து வையுங்கள். வெந்த காய்களைப் பாத்திரத்தோடு மறுபடி ஒரு நிமிடம் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். பிறகு 50 கிராம் வெண்ணெய், மிளகுத்தூள், இரண்டு இழுப்பு துருவிய ஜாதிக்காய். மத்தால் குத்துங்கள். இறுகினால் எடுத்து வைத்த தண்ணீரையோ சூடான பாலையோ கொஞ்சம் விடலாம். மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கத்தி சுழன்றால் கிழங்கின் மாவுச்சத்து உடைந்து வெளியே வந்து, சுவரொட்டி ஒட்டும் பசையாகிவிடும். ஆங்காங்கே கேரட் துண்டு தட்டுப்பட வேண்டும், அதுதான் பக்குவம்.

அசைவம் உண்பவர்கள் மாட்டு விலா இறைச்சியைப் பிரிஞ்சி இலை, மிளகு சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே காய்களை வேகவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி. அதுவும் பொருந்துகிறது.

இந்த உணவுக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. 1573, 1574-ஆம் ஆண்டுகளில் ஸ்பானியப் படை லெய்டன் நகரை முற்றுகையிட்டு, உள்ளே ஆயிரக்கணக்கானோர் பசியிலும் நோயிலும் மடிந்தார்கள். கடைசியில் டச்சுக்காரர்களே தங்கள் அணைக்கரைகளை உடைத்து, வயல்களில் தண்ணீர் பாயவிட்டு, அந்த வெள்ளத்தின் மேல் படகோட்டி வந்து நகரை மீட்டார்கள். 1574 அக்டோபர் 3 அன்று ஸ்பானியர் ஓடிப்போன முகாமில், காயும் இறைச்சியும் வெந்த ஒரு பானையை ஒரு அனாதைச் சிறுவன் கண்டெடுத்தான் என்பது அவ்வூர்க் கதை. அந்தப் பானை என்று சொல்லப்படும் வெண்கலப் பாத்திரம் லெய்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது அதில் உருளைக்கிழங்கு இருந்திருக்க வழியில்லை. அந்தக் கிழங்கு டச்சு மக்களின் அன்றாட உணவானது 18-ஆம் நூற்றாண்டில்தான். இன்றும் அக்டோபர் 3-ஐ ஒட்டி ஊரெல்லாம் ஹுட்ஸ்பொட் வாசனை வீசும். காலையில் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் இலவசமாகக் கொடுப்பார்கள். மீட்க வந்த படகுகள் கொண்டுவந்த உணவு அது. 450 ஆண்டுகளாக ஓர் ஊர் தன் பட்டினியை மறக்காமல் இருக்கிறது. நான் 11 முறை அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

டச்சு உணவில் காரசாரமே கிடையாதாமே? — பெயர் எழுதாத வாசகர், வேலூர்

காரம் குறைவு, வாசனை குறைவில்லை. கிராம்பு பதித்த பாலாடைக்கட்டியை உலகில் வேறு எங்கே பார்த்தீர்கள்? வடக்கே ஃபிரீஸ்லாந்தில் செய்கிறார்கள்.

எங்கள் தோல் தொழிற்சாலைக்கு நெதர்லாந்திலிருந்து ஒருவர் வருகிறார். என் வீட்டில் இரவு உணவுக்கு அழைத்திருக்கிறேன். டச்சு உணவு ஏதாவது செய்யலாமா, அல்லது நம் பிரியாணியா? — மேற்பார்வையாளர், ஆம்பூர்

ஆம்பூரில் இருந்துகொண்டு இந்தச் சந்தேகம் உங்களுக்கு வரலாமா? பிரியாணியேதான். அவர் சொந்த ஊர்ச் சாப்பாட்டை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொள்வார்.

சோறு அவருக்குப் புதிதாகவும் இருக்காது. இந்தோனேசியா நெடுங்காலம் டச்சு ஆட்சியில் இருந்தது. 1949-ல் அதன் விடுதலையை நெதர்லாந்து ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் அங்கிருந்து லட்சக்கணக்கானோர் நெதர்லாந்துக்கு வந்து குடியேறினார்கள். அவர்களோடு நாசி கோரெங் என்ற வறுத்த சோறும், வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய சாத்தே என்ற குச்சியில் சுட்ட இறைச்சியும், சம்பல் என்ற மிளகாய் விழுதும் வந்து, இப்போது சாதாரண மளிகைக் கடையிலேயே சம்பல் கிடைக்கிறது. சோற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிண்ணங்களில் கறிகளைப் பரப்புவதை ‘ரைஸ்ட்டாஃபல்’, அதாவது சோற்று மேசை என்பார்கள். ஆகவே சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம் எல்லாவற்றையும் மேசையிலேயே பரப்பி வையுங்கள். அவரே எடுத்துக்கொள்ளட்டும். மிளகாயைக் கால்பங்கு குறைத்தால் போதும்.

நேரம் முக்கியம். ஏழு மணி என்றால் ஏழுக்கே வந்து நிற்பார். ஆறரைக்கு நேரம் குறித்தால் அவர் வயிறு உங்களை வாழ்த்தும். தட்டில் மறுபடி மறுபடி பரிமாறாதீர்கள். “போதும்” என்றால் அவர்களுக்குப் போதும் என்றுதான் பொருள். கடைசியில் ஆற்காடு மக்கன் பேடாவைப் பாதியாக வெட்டி, பால் சேர்க்காத காப்பியோடு வையுங்கள். முழுசாக வைத்தால் பயந்துவிடுவார்கள்.

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் இருந்தார்களே, தமிழ்நாட்டுச் சமையலில் ஏதாவது விட்டுச் சென்றார்களா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், வாலாஜாபேட்டை

ஐயா, உங்கள் கேள்வியைத் திருப்பிப்போட்டால்தான் நல்ல பதில் கிடைக்கிறது. அவர்கள் இங்கே உணவை விட்டுச் சென்றதைவிட, இங்கிருந்து எடுத்துச் சென்றது எப்படி அவர்கள் உணவாயிற்று என்பதுதான் பெரிய கதை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தொடங்கியது. பழவேற்காட்டில் அவர்களுடைய கெல்ட்ரியா கோட்டை 1613-ல் எழுந்தது; 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் சோழமண்டலக் கரைக்கு வந்தது துணிக்காக. இன்றைய இந்தோனேசியாவில் கிராம்பு விளைந்த மலுக்கு தீவுகளிலும் ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளிலும் நம் நெசவாளரின் துணிக்குத்தான் மதிப்பு. துணியைக் கொடுத்து வாசனைப்பொருள் வாங்கி, ஊருக்குக் கப்பலேற்றினார்கள். டிசம்பர் 5 மாலை சிண்டர்கிளாஸ் திருநாளுக்கு டச்சு வீடுகளில் ‘ஸ்பெகுலாஸ்’ என்ற பிஸ்கட் உண்பார்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி, ஏலக்காய், வெள்ளை மிளகு சேர்ந்த மாவை மர அச்சில் அழுத்திச் சுடுவார்கள். நம் நெசவாளர் தறியில் போட்ட இழையும் அந்த அச்சுக்குள் இருக்கிறது என்று ஒவ்வொரு டிசம்பரிலும் நினைத்துக்கொள்வேன். நீங்களும் நெசவு ஊர்க்காரர், உங்களுக்குப் புரியும்.

அதே கம்பெனி 1621-ல் பண்டா தீவுகளில் மக்களைக் கொன்று குவித்து, மிஞ்சியவர்களை அடிமையாக்கியது. பழவேற்காட்டிலிருந்து நம் கடற்கரை மக்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. இதை நான் ஓமாவிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. “எங்கள் பள்ளியில் இதைச் சொல்லித்தரவில்லை” என்று மட்டும் சொன்னார். பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

உணவில் டச்சுச் சுவடு தேட வேண்டுமானால் இலங்கைக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் பீன்ஸைப் போஞ்சி என்பது டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. சிங்களத்தில் உருளைக்கிழங்கு ‘அர்த்தாபல்’. டச்சில் ‘ஆர்டாப்பல்’, நில ஆப்பிள் என்று பொருள். சோற்றையும் கறிகளையும் வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி வாட்டும் லம்ப்ரைஸ், அங்குள்ள டச்சு வழித்தோன்றல்களான பறங்கியரின் உணவு. நாம் தீபாவளிக்குச் சுடும் அச்சு முறுக்கைப் போன்ற பலகாரத்தை அங்கே ‘கொக்கிஸ்’ என்கிறார்கள். பிஸ்கட்டைக் குறிக்கும் ‘கூக்யெஸ்’ என்ற டச்சுச் சொல்தான் அது.

ஊரிசு கல்லூரிப் பழைய மாணவன் நான். அந்தப் பெயர் டச்சுப் பெயர் என்று யாரோ சொன்னார்கள். அப்படியா? — வாசகர், கொசப்பேட்டை

ஆம். ஊர்ஹேஸ் என்பதை நாம் ஊரிசு ஆக்கிக்கொண்டோம். நெதர்லாந்தின் வடகிழக்கில் ஹேஸ் என்ற சிற்றூருக்கு ‘முன்னால்’ இருந்த குடும்பம் என்பது அதன் பொருள். 17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய அந்த வழியில் வந்தவரின் நன்கொடையால் நம் கல்லூரிக்கு அந்தப் பெயர் அமைந்தது. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனும், டச்சுக் குடியேறிகள் அமெரிக்காவில் நிறுவிய திருச்சபையைச் சேர்ந்ததுதான். அதே குடியேறிகள்தான் ‘குக்கி’ என்ற சொல்லையும், முட்டைக்கோஸைத் துருவிச் செய்யும் ‘கோல்ஸ்லா’வையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்தார்கள். டச்சில் ‘கோல்’ என்றால் கோஸ், ‘ஸ்லா’ என்றால் பச்சைக்கறிக் கலவை.

நாங்கள் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. எங்களுக்கு ஏற்ற டச்சுப் பலகாரம் உண்டா? — வாசகி, ஆரணி (வட ஆற்காடு)

உறையில் இன்னமும் வட ஆற்காடு என்று எழுதும் உங்களுக்கு முதலில் என் வணக்கம். மாவட்டத்தை எத்தனை முறை பிரித்தாலும் நமக்குள் அந்தப் பெயர் போவதில்லை.

உண்டு, அதற்கான கல்லும் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ‘பொஃபர்ச்சஸ்’ என்பது டச்சுக் குழிப்பணியாரம். சந்தை, திருவிழா எங்கே கூடினாலும் பெரிய செப்புக் கல்லில் நூற்றுக்கணக்கான குழிகளில் மாவை ஊற்றி, முள்கரண்டியால் சுழற்றிச் சுழற்றித் திருப்புவார்கள்.

மைதா 125 கிராம், பக்வீட் மாவு 125 கிராம் (வட இந்தியர்கள் விரதத்துக்கு வாங்கும் குட்டு மாவு அதுதான்), உலர்ந்த ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு, வெதுவெதுப்பான பால் 350 மில்லி. முட்டை சேர்ப்பவர்கள் ஒன்று சேர்ப்பார்கள். இல்லாமலும் ஈஸ்ட் அதைப் பொங்கவைத்துவிடும். கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். லெய்டனில் ஒரு மணி நேரம் ஆகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அரை மணிக்கு மேல் வைத்தால் புளித்து வழிந்துவிடும், கவனம். குட்டு மாவு கிடைக்காவிட்டால் கேழ்வரகு மாவு போட்டுப் பாருங்கள். நிறம் அப்படியே வருகிறது, வாசனை நம்முடையதாகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நம் பணியாரக் கல்லின் குழி ஆழம் அதிகம். அரைக்குழிதான் ஊற்ற வேண்டும். தட்டையாக, காசைவிடச் சற்றுப் பெரியதாக, நடுவில் பஞ்சாக வர வேண்டும். கல்லில் வெண்ணெய் தடவி ஊற்றி, மேலே குமிழ் வெடித்து ஓரம் காய்ந்ததும் பணியாரக் கம்பியால் திருப்புங்கள். தட்டில் இருபதை அடுக்கி, உச்சியில் ஒரு கட்டி வெண்ணெய், அதன்மேல் பொடித்த சர்க்கரையை வெள்ளையாகத் தூவி, வெண்ணெய் முழுதும் உருகுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆரணியில் அதற்கு அரை நிமிடம்தான் கிடைக்கும்.

டெல்ஃப்ட் நகரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் கிளம்புகிறேன். அங்கே எதைச் சாப்பிட்டுப் பழக வேண்டும், எதில் எச்சரிக்கை வேண்டும்? — மாணவன், காட்பாடி

வாழ்த்துகள் தம்பி. பாலாடைக்கட்டியில் தொடங்கு. லெய்டன் பக்கத்துப் பாலாடைக்கட்டியில் சீரகம் இருக்கும். அந்நிய நாட்டுக் கடையில் சீரக வாசனை வந்தால் எப்படி இருக்கும் என்று போனதும் உனக்கே தெரியும். ‘கார்னமெல்க்’ என்று எழுதிய அட்டைப் பெட்டி மோர்தான். நம் மோரைவிடக் கெட்டி. உப்பும் பெருங்காயமும் போட்டுக் குடிக்கலாம், மோர்க்குழம்பும் வைக்கலாம். காலையில் பெரியவர்களே ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் துகள் தூவிச் சாப்பிடுவார்கள். சிறுபிள்ளை உணவு என்று நினைக்காதே. எட்டு மணி வகுப்புக்கு ஓட அதைவிட வசதி வேறில்லை.

‘ட்ரொப்’ என்ற கறுப்பு மிட்டாயை யாராவது நீட்டுவார்கள். அதில் இருப்பது அதிமதுரம். உப்பு ட்ரொப் என்றால் நவச்சாரமும் சேர்ந்திருக்கும். இரண்டுமே நம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித்தரும் சரக்கு. முதல் வாயில் முகம் சுளிக்கும், மூன்றாவது வாரம் தேடிப்போவாய். அளவு மீறாதே, அதிமதுரம் இரத்த அழுத்தத்தைக் கூட்டும்.

ஹெர்ரிங் மீனைப் பற்றி நண்பர்கள் பயமுறுத்துவார்கள். பச்சை மீன் என்பார்கள். அது உப்பில் பக்குவப்பட்ட மீன். குடலை எடுக்கும்போது கணையத்தை மட்டும் உள்ளேயே விடுவார்கள். அதன் நொதிகள் சதையை மெல்ல மெல்ல மிருதுவாக்குகின்றன. ஒட்டுண்ணி இருந்தால் சாகட்டும் என்று உறையவைத்த பிறகே விற்பார்கள். புதுப் பருவத்து மீன் ஜூன் மாதம் வரும். நீ போகும்போது பருவம் கடந்திருக்கும், ஆனால் கடையில் கிடைக்கும். பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு கேள். கருவாடு உண்டு வளர்ந்தவன் என்றால் உனக்கு அந்த மீன் வண்டிக்காரர் நண்பராகிவிடுவார்.

ஒரு மத்தும் ஒரு பணியாரக் கல்லும் பெட்டியில் வை. பிரஷர் குக்கரை அங்கேயே வாங்கலாம்.

மகளுக்கு உட்ரெக்ட் நகரில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. உதவிக்குப் போன நான் பார்த்த அதிசயம்: குழந்தை பார்க்க வந்த எல்லோருக்கும் ரஸ்க்கில் நீல வெள்ளை மிட்டாய் தூவிக் கொடுத்தார்கள். அது என்ன? — ஒரு பாட்டி, ஆற்காடு

பாட்டிக்கும் பேரனுக்கும் என் அன்பு. அந்த மிட்டாயின் பெயர் ‘மௌஸ்யெஸ்’, குட்டி எலிகள். உள்ளே இருப்பது சோம்புக்கு நெருங்கிய உறவான ஒரு விதை. விதையின் காம்பு வால்போல் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். சர்க்கரைப் பாகு பூசியிருப்பார்கள். தாய்க்குப் பால் ஊறும் என்ற நம்பிக்கையில் பிள்ளை பெற்ற வீட்டில் இதைக் கொடுக்கும் வழக்கம் வந்தது. பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையும். நீலம் 1990-களில்தான் வந்தது. அதற்கு முன் எந்தக் குழந்தைக்கும் இளஞ்சிவப்புதான்.

நாம் பூண்டும் பிரசவ லேகியமும் கொடுத்துத் தாயைத் தேற்றுகிறோம். அவர்கள் ஒரு செவிலியை முதல் வாரம் முழுக்க வீட்டுக்கே அனுப்பி, தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறார்கள். காப்பீடு அதற்குப் பணம் தருகிறது. அந்த ஏற்பாட்டை நம் ஊருக்கும் கொண்டுவர மாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்கிறேன். என் இரண்டாவது பிள்ளை அங்கேதான் பிறந்தான். மூன்றாம் நாள் காலையில் அந்தச் செவிலி, நான் கேட்காமலே, ஓமா கொடுத்தனுப்பிய பட்டாணி சூப்பைச் சுடவைத்துக் கொண்டுவந்தார். கரண்டியை நட்டால் நிற்கும் கெட்டி. பச்சைப் பட்டாணிப் பருப்பு, செலரிக் கிழங்கு, லீக் தண்டு, கேரட், உருளைக்கிழங்கு. எனக்காக ஓமா பன்றியிறைச்சியை விட்டுவிட்டு வெறும் காயிலேயே வைத்திருந்தார். அதை இப்போது மார்கழியில் வேலூரில் வைக்கிறேன். லீக்குக்குப் பதில் வெங்காயத்தாள். முதல் நாள் இரவே வைத்து, மறுநாள் சுடவைத்தால்தான் கெட்டிப்படும்.

திருத்தம்: சென்ற இதழில் நான் எழுதிய உருளைக்கிழங்கு மசியலில் “ஜாதிக்காய் 1” என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதிக்கொடுத்ததே அப்படித்தான், தவறு என்னுடையது. முழுக்காயைப் போடக் கூடாது. அளவு மீறினால் தலைசுற்றலும் மயக்கமும் வரும். ஒரு காயை எடுத்து, பொடித் துருவலில் இரண்டு முறை மட்டும் இழுங்கள். மிச்சக் காயைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவைத்தால் அடுத்த மார்கழிக்கும் வாசனை இருக்கும்.